சேர்ந்தே நகரும் வகுப்பு: கணக்கில் முழுத்தேர்ச்சி முறை

1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எந்த ஐந்தாம் வகுப்பிலும் சிலராவது இருப்பார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருப்பார்கள். விடை தப்பாகப் போனதைக்கூட விட்டுவிடலாம். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைவாக வருகிறதே, இது எப்படி என்று அந்தப் பிள்ளை திடுக்கிடவில்லையே, அதுதான் நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டும். பாடம் நடந்தது, பயிற்சி முடிந்தது, பருவத் தேர்வில் மதிப்பெண்ணும் வந்தது. பின்னம் என்பது ஓர் எண், அதற்கும் ஓர் அளவு உண்டு என்பது மட்டும் உள்ளே இறங்கவில்லை.

அடுத்த ஆண்டு இதே பிள்ளைக்கு விகிதம் வரும், தசமம் வரும், சதவீதம் வரும். எல்லாம் இதன் மேல்தான் நிற்க வேண்டும். ஒரு பாடம் ஊன்றும் முன் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை, போகும்போது வகுப்பு முழுவதும் சேர்ந்தே போவது என்ற உறுதிதான் முழுத்தேர்ச்சி முறை. சொல்வது எளிது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

எங்கிருந்து வந்தது

இங்கிலாந்தில் இதை மாஸ்டரி என்கிறார்கள். பி.எட். படித்தவர்களுக்கு உடனே பெஞ்சமின் புளூம் நினைவுக்கு வருவார். ஒரு பிள்ளையின் திறமை என்று நாம் சொல்வது, அந்தப் பாடத்தைக் கற்க அதற்குத் தேவைப்படும் நேரம்தான் என்று ஜான் கேரல் 1963-இல் எழுதினார். அந்தக் கருத்தை எடுத்து 1968-இல் வகுப்பறைக்கான வழியாக்கினார் புளூம். அலகு முடிந்ததும் சிறு தேர்வு, தேறாதவர்களுக்கு வேறு விதமாக மறுபடி கற்பித்தல், மீண்டும் தேர்வு, பிறகே அடுத்த அலகு.

இன்று கணக்குப் பாடத்தில் இந்தப் பெயரில் பேசப்படுவது பெரும்பாலும் கிழக்கிலிருந்து வந்தது. சிங்கப்பூர் 1980-இல் பாடத்திட்ட மேம்பாட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தது. அங்கே கோ டெக் ஹாங் தலைமையில் ஒரு குழு தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகங்களைப் புதிதாக எழுதியது. பிள்ளை முதலில் பொருளைக் கையில் எடுக்கட்டும், அடுத்து அதைப் படமாகப் பார்க்கட்டும், எண்ணும் குறியும் அதற்குப் பிறகு என்பது அவர்கள் வைத்த வரிசை. ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்னதற்குப் பக்கத்தில் வரும் வரிசை இது. 1995 டிம்ஸ் பன்னாட்டுத் தேர்வில் நான்காம் வகுப்புக் கணக்கிலும் எட்டாம் வகுப்புக் கணக்கிலும் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. 2009, 2012 பிசா தேர்வுகளின் கணக்கில் ஷாங்காய் முதலிடம். அதன் பிறகுதான் இங்கிலாந்து விழித்துக்கொண்டது. 2014-இல் ஷாங்காய்க்கு ஆசிரியர்களை அனுப்பியது, அங்கிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்தது. 2016-இல் 8,000 தொடக்கப் பள்ளிகளுக்கு இம்முறையைக் கொண்டுபோக 4.1 கோடி பவுண்டு ஒதுக்கியது.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே ஒரு வேறுபாடு உண்டு. புளூமின் வழி, தவறியவர்களைத் தேர்வுக்குப் பிறகு தூக்கிவிடுகிறது. சிங்கப்பூரும் ஷாங்காயும் முதல் நாள் பாடத்தையே யாரும் எளிதில் தவறாதபடி அமைக்கப் பார்க்கின்றன. நம் வகுப்புக்கு இரண்டாவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். நாற்பது பேரில் பதினைந்து பேர் தவறிய பிறகு மீட்க நம்மிடம் நேரமில்லை.

அதற்காக மாயம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். இம்முறையில் அமைந்த ஒரு திட்டத்தை இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். எஜுகேஷன் எண்டோமெண்ட் ஃபவுண்டேஷன் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஓராண்டில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கூடுதல் முன்னேற்றம் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பின் அளவு. முதல் ஆண்டிலேயே வகுப்பு தலைகீழாக மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேகம் ஒன்று, ஆழம் வேறு

வகுப்பில் கெட்டிக்காரர், சுமார், மெதுவானவர் என்று பிரித்து ஆளுக்கொரு பயிற்சித்தாள் கொடுப்பது நமக்குப் பழக்கம். முழுத்தேர்ச்சி முறை அதை ஏற்பதில்லை. மெதுவான பிள்ளைக்கு நாம் கொடுக்கும் எளிய தாள் அன்றைக்கு அன்பாகத் தெரியும். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை வகுப்பு படித்ததில் பாதியைப் பார்த்தே இருக்காது. இங்கே எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே நாள். சீக்கிரம் முடித்தவருக்கு அடுத்த பக்கத்தைத் திறந்துவிடக் கூடாது. அதே கருத்தில் இன்னும் ஆழமான கேள்வியைக் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தானே பிரித்தோம், இது அதற்கு நேர்மாறாக இருக்கிறதே? நேர்மாறுதான். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக்கிடந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எண்ணே தெரியாத நிலையில், அந்தப் பிள்ளை இருக்கும் இடத்துக்கே போய்ப் பாடம் தொடங்குவது மருந்து. முழுத்தேர்ச்சி முறை தடுப்பூசி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, இரண்டு இலக்கக் கழித்தல் வராத பிள்ளையை உட்கார வைத்து எல்லோரோடும் சேர்த்துப் பின்னம் நடத்திவிட்டு, முழுத்தேர்ச்சி முறை தோற்றுவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் தொடங்குவதே சிறந்தது. மேல் வகுப்பில்தான் தொடங்க முடியும் என்றால் முழுப் புத்தகத்துக்கும் ஆசைப்படாமல் ஓர் அலகை எடுத்துக்கொள்ளுங்கள்.

கால் பங்கு: ஒரு பாடவேளை

நான்காம் வகுப்பு. ஆளுக்கொரு பழைய தாள். நான்கு சம பங்காக மடிக்க வேண்டும், எப்படி வேண்டுமானாலும். சிலர் நீளவாக்கில் நான்கு பட்டையாக மடிப்பார்கள், சிலர் குறுக்கும் நெடுக்குமாக மடிப்பார்கள். வெவ்வேறு விதமாக வந்தவற்றில் மூன்று நான்கைக் கரும்பலகையில் ஒட்டுங்கள். பக்கத்தில் நீங்கள் கொண்டுவந்த ஒரு தாளையும் ஒட்டுங்கள். அதில் நான்கு துண்டு இருக்கும், ஆனால் சமமாக இருக்காது.

"இதுல இந்தத் துண்டு கால் பங்கா?"

"நாலுல ஒண்ணு, கால்தான் டீச்சர்."

சரி, தவறு எதுவும் சொல்லாதீர்கள். "இது கடலைமிட்டாய்னு வச்சுக்கோ. உனக்கு இந்தச் சின்னது, அவளுக்கு இந்தப் பெரிசு. ரெண்டு பேருக்கும் கால் குடுத்துட்டேன்னு சொன்னா ஒத்துக்குவியா?" வகுப்பே மறுக்கும். மறுப்புக்குக் காரணம் கேளுங்கள். சமம் என்ற சொல் பிள்ளைகள் வாயிலிருந்து வரும்வரை காத்திருங்கள். வந்ததும் அதை ஒரு முழு வாக்கியமாக்கிக் கரும்பலகையில் எழுதுங்கள்: முழுப்பொருள் நான்கு சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது; ஒவ்வொரு பங்கும் முழுப்பொருளில் நான்கில் ஒன்று. வகுப்பு சேர்ந்து சொல்லட்டும், பிறகு ஒவ்வொருவராக. அன்று முழுவதும் விடை சொல்லும் பிள்ளை "கால்" என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் இந்த வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கறாராக இருங்கள். இதைப் பலர் வெறும் ஒப்புவித்தல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாக்கியமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நாளை 3/4 என்பதில் 4 எதைச் சொல்கிறது, 3 எதைச் சொல்கிறது என்பது விளங்கும்.

அடுத்த படங்களில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதலில் வடிவம் மட்டும் மாறட்டும். வட்டம், சதுரம், ஒரு நீண்ட பட்டை. பிறகு வடிவம் அப்படியே இருக்க, பங்கின் எண்ணிக்கை ஐந்தாகட்டும், எட்டாகட்டும். பிறகு முழுப்பொருளே ஒரு குவியலாகட்டும்: 12 புளியங்கொட்டையில் கால் எவ்வளவு? ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எதனால் விடை மாறியது என்பது பிள்ளைக்குப் பிடிபடாது. ஷாங்காயின் சிங்பூ மாவட்டத்தில் கு லிங்யுவான் 1970-களின் இறுதியில் தொடங்கி நடத்திய சோதனைகளில் மையமாக இருந்தது இதுதான். எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைப்பது என்று ஆசிரியர் யோசித்து வைக்க வேண்டும்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நான்கைந்து பேர் முடித்துவிட்டு உங்களைப் பார்ப்பார்கள். அவர்களுக்காக ஒரு செவ்வகம் வரைந்து இரண்டு மூலைவிட்டங்களையும் போடுங்கள். நான்கு முக்கோணங்கள் வரும். மேலும் கீழும் உள்ளவை அகன்று தட்டையாக இருக்கும், பக்கவாட்டில் உள்ளவை வேறு உருவத்தில் இருக்கும். ஒவ்வொன்றும் கால் பங்கா? பார்த்ததும் இல்லை என்பார்கள். வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முக்கோணத்தையும் செவ்வகத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் பாதியாக வெட்டினால் மொத்தம் எட்டுச் சிறு முக்கோணங்கள் கிடைக்கும். திருப்பியும் புரட்டியும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் எட்டும் பொருந்தும். பெரிய முக்கோணம் ஒவ்வொன்றிலும் இரண்டு. ஆக, உருவம் வேறானாலும் பங்கு சமம். எளிய பாடத்தில் இருந்துகொண்டே பிள்ளை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை. "என் பிள்ளை முடிச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கான்" என்று வரும் பெற்றோருக்கும் இந்தச் செவ்வகத்தையே காட்டுங்கள்.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. தீக்குச்சிக் கட்டு, கொட்டை, அட்டை என்று எது கிடைத்தாலும் போதும். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஆனால் பொருளோடு விளையாடி முடித்து, அதை எடுத்து வைத்துவிட்டு, பிறகு தனியாக எண் எழுதப் போனால் பலன் இல்லை. பொருளும் படமும் எண்ணும் ஒரே நேரத்தில் கண் முன் இருக்க வேண்டும். பிள்ளை 3/4 என்று எழுதும்போது அந்த 3 படத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

பட்டைப் படம்

சிங்கப்பூரில் 1980-களில் பரவிய பட்டைப் படத்தை நம் ஆசிரியர்கள் இன்னும் போதுமான அளவுக்குப் பயன்படுத்தவில்லை. இந்தக் கணக்கைப் பாருங்கள்: கவிதா தன்னிடம் இருந்த பணத்தில் 2/5 பங்குக்கு நோட்டு வாங்கினாள், மீதி 45 ரூபாய், முதலில் எவ்வளவு இருந்தது? 45-இல் 2/5 பங்கு 18 என்று கண்டுபிடித்து, 45-உடன் கூட்டி 63 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. எதனுடைய 2/5 என்று யோசிக்கவில்லை.

ஒரு நீண்ட பட்டை வரையச் சொல்லுங்கள். அதுதான் முதலில் இருந்த பணம். ஐந்து கட்டமாகப் பிரிக்கட்டும். இரண்டை அடித்துவிடட்டும். மீதி மூன்று கட்டத்தின் கீழே 45 என்று எழுதட்டும். ஒரு கட்டம் 15. மொத்தம் 75. கட்டத்தைப் பார்த்த பிள்ளை 63 என்று சொல்லாது. ஏழாம் வகுப்பில் x என்று வைத்துச் சமன்பாடு எழுதும்போது இந்தப் பட்டைதான் x ஆகிறது.

பின்னக் கூட்டலுக்கும் இதே பட்டை போதும். 1/2 + 1/3 என்று எழுதிப்போட்டதும் கணக்குப் போட விடாதீர்கள். விடை அரையைவிடக் கூடுமா குறையுமா, ஒன்றைத் தாண்டுமா என்று முதலில் கேளுங்கள். ஆறு கட்டப் பட்டையில் மூன்று கட்டம் அரை, இரண்டு கட்டம் மூன்றில் ஒன்று, சேர்ந்தால் 5/6. சம பகுதிக்கு மாற்றுவது ஏன் என்பதை நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

பயிற்சிக் கணக்கு

புத்தகத்தில் இருபது கழித்தல் கணக்கு இருக்கும். இருபதையும் போடச் சொல்வதைவிட இந்த மூன்றைக் கொடுத்துப் பாருங்கள்: 400 − 198, 401 − 199, 402 − 200. முதல் கணக்கில் இரண்டு சுழியைத் தாண்டிக் கடன் வாங்க வேண்டும், பாதிப் பேர் தடுமாறுவார்கள். மூன்றாவது மனக்கணக்கு. மூன்றுக்கும் விடை 202. ஏன் ஒரே விடை வந்தது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டு எண்ணும் ஒன்று ஒன்றாகக் கூடுகிறது, இடைவெளி மாறவில்லை என்று யாராவது சொல்வார்கள். உடனே 700 − 346 கொடுங்கள். 699 − 345 என்று மாற்றி, கடனே வாங்காமல் 354 என்று சொல்லும் பிள்ளை அன்று கழித்தலைக் கற்றுவிட்டது.

இதையெல்லாம் சொன்னால், அப்படியானால் வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டாமா என்பார்கள். கட்டாயம் வேண்டும். புரிந்துகொள்வதற்கும் மனப்பாடத்துக்கும் பகை என்று ஒரு பேச்சு நம் பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது. அது பிள்ளைகளுக்குத் தீங்கு. ஏழெட்டு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சமான பின்னத்தைக் கவனிக்க மனதில் இடம் இருக்காது. இம்முறையைக் கைக்கொண்ட இங்கிலாந்தே 2022 முதல் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுத் தேர்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது: 12-ஆம் வாய்ப்பாடு வரை 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு நொடி. நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியில் முழு எண்களுக்கு மட்டுமல்ல, அரை, கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களுக்கும் வாய்ப்பாடு இருந்தது. முந்திரி என்றால் 1/320. நாள்தோறும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒப்பித்தலோடு நிறுத்தாமல், 7 × 8 தெரிந்தால் 7 × 9 எப்படி வரும், 56 ÷ 8 எவ்வளவு என்றும் கேளுங்கள்.

அன்றன்றைக்கே

இம்முறை நிற்பதும் விழுவதும் இங்கேதான். பாடம் முடியும் முன் கரும்பலகையில் இரண்டே கேள்வி. ஒன்று அன்றைய பாடத்தை நேராகக் கேட்பது, இன்னொன்று சற்றுத் திருப்பிக் கேட்பது. நோட்டை வாங்கி அன்றே பாருங்கள். மதிப்பெண் போட வேண்டாம். புரிந்தவர், தடுமாறுபவர் என்று இரண்டு அடுக்காக வைத்தால் போதும். தடுமாறுபவர் ஆறேழு பேர் என்றால் மதிய இடைவேளையிலோ மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன்போ பத்து நிமிடம் அவர்களை உட்கார வையுங்கள். நேற்றுச் சொன்னதையே உரக்கச் சொல்லாமல் வேறு படம், வேறு பொருள் எடுங்கள். தடுமாறுபவர் பாதி வகுப்பு என்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை, பாடத்தின் படிகள் பெரிதாக இருந்திருக்கின்றன. மறுநாள் அந்தப் பாடத்தையே இன்னும் சிறிய படிகளாக்கி நடத்துங்கள்.

வழக்கமாகப் பின்தங்கும் பிள்ளைகள் யார் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களுக்குப் பாடத்துக்குப் பிறகு உதவுவதைவிட முந்தைய நாளே உதவுவது மேல். நாளை வரப்போகும் படத்தையும் சொல்லையும் இன்றே அவர்களுக்குக் காட்டிவிடுங்கள். மறுநாள் வகுப்பில் முதலில் கை தூக்குவது அந்தப் பிள்ளையாக இருக்கும். கணக்கு எனக்கு வராது என்று தலை குனிந்திருந்த பிள்ளைக்கு அந்த ஒரு கைதூக்கல் எவ்வளவு பெரியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

போர்ஷன் முடியாதே என்ற பயம் எல்லோருக்கும் வரும். முதல் பருவத்தில் நிச்சயம் பின்தங்குவீர்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் முழுவதும் போன ஆண்டுப் பாடத்தை மறுபடி நடத்துகிறோமே, அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஆசிரியரின் தயாரிப்பு

லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் 1 3/4-ஐ 1/2-ஆல் வகுக்கச் சொல்லி, அதற்கு ஒரு கதைக் கணக்கும் சொல்லக் கேட்டார். சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியாக வகுத்தார்கள். அமெரிக்கர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சரியாகச் செய்தார்கள். கதை சொல்வதில் இடைவெளி இன்னும் பெரிது. புத்தகத்தை மூடிவிட்டு நீங்களும் முயன்று பாருங்கள். இரண்டு பேருக்குப் பங்கிடுவதாகக் கதை வந்தால் அது 2-ஆல் வகுப்பது. 1 3/4 லிட்டர் எண்ணெயை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் நிறையும் என்பது சரியான கதை, மூன்றரை. அந்தச் சீன ஆசிரியர்கள் நம்மைவிட அதிகம் படித்தவர்கள் அல்ல, பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு ஆசிரியப் பயிற்சிக்குப் போனவர்கள். தாங்கள் நடத்தும் பாடத்தையே மீண்டும் மீண்டும் உட்கார்ந்து, சக ஆசிரியர்களோடு பேசி, ஆழமாகக் கற்றவர்கள்.

அதற்கு அவர்களுக்கு நேரம் கொடுக்கப்பட்டது. ஷாங்காயில் தொடக்கப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் கணக்கு மட்டுமே எடுக்கிறார், பொதுவாக நாளுக்கு இரண்டு பாடவேளை. மீதி நேரம் நோட்டுத் திருத்த, தவறிய பிள்ளையை அன்றே அழைத்துச் சொல்லித்தர, மறுநாள் பாடத்தைச் சக ஆசிரியர்களோடு பேசித் தயாரிக்க. நம் ஆசிரியர் காலை முதல் மாலை வரை எல்லாப் பாடமும் எடுத்து, நடுவே பதிவேடும் எழுதுகிறார். ஆகவே இந்த அத்தியாயத்தைப் படிக்கும் தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கு அனுப்புவதற்கும் பொருட்கள் வாங்குவதற்கும் முன்னால், உங்கள் கணக்கு ஆசிரியருக்கு நாளுக்கு ஒரு பாடவேளையை விடுவித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் வேறு வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பாதீர்கள்.